காடைச் சேவலைக் குறை கூறுமுன்

தோட்டத்து லயங்களில் கோழி வளர்க்காத வீடு அரிது. தோட்டத்தை விட்டுச் செபராங் ஜெயா போன்ற வீடமைப்புப் பகுதிகளில் குடியேறிய நம்மவர்க்கும் அந்தப் பழக்கம் விட்டுப் போகவில்லை. ஆனால், வரிசை வீட்டில் கோழி மேய முற்றம் ஏது? ஆகவே சிலர் வீட்டின் பின்புறம் கூண்டு வைத்துக் காடை வளர்க்கிறார்கள். ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும், கறிக்கும் ஆகும். உழைப்பவன் வீட்டுச் செலவுக்குச் சிறிது கை கொடுக்கும் இம்முயற்சியை நாம் வரவேற்கிறோம்.

ஆயினும், 1988-இல் பறவைப் பூங்கா திறக்கப்பட்ட அந்த ஊரிலேயே ஒரு வீட்டில் நாம் கண்ட காட்சி மனத்தை வருத்தியது. ஒரே சிறு கூண்டில் பன்னிரண்டு காடைகள். அவற்றுள் ஐந்து சேவல்கள். பெட்டைகளின் உச்சந்தலையில் இறகே இல்லை. ஒன்றுக்குத் தோல் கிழிந்து இரத்தம். மற்றொன்றுக்கு ஒரு கண் போய்விட்டது. "சேவல் ரொம்பப் பொல்லாததுங்க" என்றார் வீட்டுக்காரர்.

சேவல்தானா பொல்லாதது? காடைக்குப் போர்க்குணம் இன்று வந்ததல்ல. குறும்பூழ் என்ற பெயரில் அதைச் சண்டைக்கு விட்டு வேடிக்கை பார்த்தவர்கள் நம் முன்னோர். கலித்தொகையில் குறும்பூழ்ப் போர் பேசப்படுகிறது. நாம் இன்று கூண்டில் வளர்ப்பது ஜப்பானியக் காடை. அதன் சேவலும் பருவம் வந்ததும் பெட்டையின் தலை இறகைக் கவ்வி ஏறும். வேறு சேவலைக் கண்டால் கொத்தித் துரத்தும். திறந்த வெளியில் தோற்ற பறவை ஓடிப் பிழைக்கும். கூண்டில் எங்கே ஓடும்? அடைத்தவர் யார்? கத்தி ஆழமாக இறங்கிப் பட்டை காயம்பட்டால் நாம் மரத்தையா குறை கூறுகிறோம்?

ஆகவே, முதலில் சேவல்களை எண்ணுங்கள். முட்டை மட்டும் வேண்டுமெனில் சேவலே தேவையில்லை. சேவலின்றியும் பெட்டை முட்டையிடும். அம்முட்டையில் குஞ்சு மட்டும் வராது. குஞ்சு வேண்டுவோர் நான்கைந்து பெட்டைகளுக்கு ஒரு சேவல் வைத்தால் போதும். ஒரு கூண்டுக்கு ஒரு சேவலே! வழக்கமான பழுப்பு நிறக் காடையில் மூன்று வாரத்திலேயே இனம் தெரியும்: சேவலின் மார்பு செம்பழுப்பு, பெட்டையின் மார்பில் கரும்புள்ளிகள். மிகுதியான சேவல்களை அப்போதே பிரித்து வளர்த்து, ஆறாம் வாரத்தில் கறிக்கு எடுத்துவிடுங்கள். இது இரக்கமில்லாத செயல் என்பாரும் உண்டு. பெட்டைகள் நாள்தோறும் இரத்தம் சிந்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பதா இரக்கம்?

அடுத்தது இடம். பறவை ஒன்றுக்கு ஒரு சதுர அடியாவது விடுங்கள். தீனியும் தண்ணீரும் இரண்டு இடங்களில் இருக்கட்டும். துரத்தப்படும் பெட்டை ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியும் வேண்டும்.

மூன்றாவது விளக்கு. வெளிச்சம் நீளும்போது சேவலின் வேகமும் கூடும். நம் நாட்டில் பகல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம். முட்டை பெருகட்டும் என்று இரவிலும் விளக்கு எரிப்போர் சேவலின் மூர்க்கத்தையும் சேர்த்தே வளர்க்கிறார்கள். பெட்டைகள் மட்டும் உள்ள கூண்டுக்கு விளக்கு வையுங்கள், சேவலுக்கு வேண்டாம்.

காயம்பட்ட பெட்டையை உடனே பிரித்துவிடுங்கள்; இரத்தம் கண்டால் மற்றவையும் கொத்தும். உப்பிட்டுக் காய்ச்சி ஆறவைத்த நீரால் கழுவி, இறகு முளைக்கும்வரை தனியே வையுங்கள். மீண்டும் சேர்க்குமுன் சில நாள் கம்பி வலைக்கு அப்பால் வைத்துப் பழக்குங்கள். இவ்வளவும் செய்த பின்னும் ஒரு சேவல் அடங்காவிட்டால் அதை நீக்குவதே முறை. அதைக்கொண்டு குஞ்சு பொரிக்கவும் வேண்டாம்.

இடமின்றி அடைத்து வைத்துவிட்டு, "இவர்கள் எப்போதும் சண்டைக்காரர்கள்" என்று பழி கூறுவது எத்தகைய அநீதி என்பதை, ஓர் அறையில் ஒரு குடும்பமே முடங்கிய லயங்களில் வாழ்ந்த நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த அநீதியை நம் வீட்டுக் கூண்டில் நாமே செய்யலாமா? இன்றே கூண்டைத் திறந்து சேவல்களை எண்ணுங்கள்!