பிள்ளைகள் யாரைப் பார்த்து நடக்கிறார்கள்?

எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களை நம் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். விடுமுறை வேதாகமப் பள்ளியில் அதற்குப் பரிசும் வாங்கி வருகிறார்கள். நாம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். பவுல் அங்கே சொல்வது என்ன? செல்லப் பிள்ளை தகப்பனைப் பார்த்து நடப்பதுபோல் நாம் கடவுளைப் பார்த்து அன்பில் நடக்க வேண்டும் என்கிறார். பிள்ளை பெற்றவரைப் பார்த்துத்தான் நடக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.

நம்மிடம் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் ஜெபக்கூட்டம் நடக்கிற வீடுகளிலேயே வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர் இருக்கிறது. சபைக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தால், வீடு திரும்பும் வழியிலேயே "அவங்க எந்த ஆளுங்க?" என்று கேட்கிறோம். பின் சீட்டில் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரே அப்பத்தில் பங்கெடுக்கிறோம். பெண் கொடுக்கும்போது சாதி பார்க்கிறோம். கிறிஸ்தவ மணமகன் தேவை என்ற விளம்பரத்தில் சாதிப் பெயரையும் சேர்த்துப் போடுகிறோமே, அதை எந்த வசனத்திலிருந்து எடுத்தோம்?

குஷ்டரோகியை இயேசு ஒரு சொல்லிலேயே குணமாக்கியிருக்கலாம். ஆனால் முதலில் கையை நீட்டித் தொட்டார். ஊர் ஒதுக்கியவரைத் தொடுவதுதான் நாம் பார்த்து நடக்க வேண்டிய நடை.

அதைக் காண எருசலேமுக்குப் போக வேண்டியதில்லை. நம் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் ஒரு காசநோய் மருத்துவமனையால் வந்தது. இங்கிலாந்தில் காசநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சவுரி முத்து 1928இல் அதை இங்கே தொடங்கினார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. பிறகு தொண்ணூறுகளில், எச்.ஐ.வி. என்றதும் எத்தனையோ மருத்துவமனைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பியவர்களுக்கு பின்னர் அரசுடையதாகிவிட்ட அந்த மருத்துவமனை கட்டில் கொடுத்தது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாக முதன்முதலில் கொடுக்கத் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. சொந்த வீடே ஒதுக்கிவைத்த உடம்புகளைத் துடைத்துவிட்ட கைகள் எல்லா மதத்தாருடையவையும்தான். எபேசியர் நிருபத்தைத் திறந்தே பார்த்திராதவர்கள் அதன்படி நடந்திருக்கிறார்கள். நாமோ ஞாயிறுதோறும் அந்த வாசலைத் தாண்டித்தான் ஆராதனைக்குப் போகிறோம்.

மனப்பாடத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நாளைக் காலை, பிள்ளை பள்ளிக்குக் கிளம்புமுன், வேலைக்கு வரும் அக்காவை உங்கள் மேசையில் உட்காரவைத்து உங்கள் டம்ளரிலேயே காபி கொடுங்கள். கல்யாண விளம்பரத்திலிருந்து அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிடுங்கள். உங்கள் அம்மா திட்டுவார், பெரியப்பா பேச்சை நிறுத்திவிடுவார். அதையும் பிள்ளை பார்க்கட்டும்.