கத்திரிக்காயை நிறுத்தச் சொல்றீங்க, புகையை யார் நிறுத்துவது?



முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் சிவந்து தடித்து, ராத்திரியெல்லாம் பிள்ளையைத் தூங்கவிடாமல் சொறிய வைக்கும் கரப்பானை உங்களில் பலர் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். டாக்டர் அதை எக்ஸிமா என்பார். வீட்டிலோ, "கத்திரிக்காய் குடுத்தியா? கருவாடு குடுத்தியா? என்ன சோப்பு போட்ட?" என்று எல்லாக் கேள்வியும் அம்மாவிடம்தான்.

அந்தப் பிள்ளை எந்தக் காற்றில் வளருதுன்னு யாராவது கேட்டோமா?

பரம்பரையும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. அதனால்தான் அந்தத் தோலின் காப்பு ஏற்கெனவே பலவீனம். டீசல் புகையிலும் நிலக்கரிப் புகையிலும் இருக்கும் நுண்துகள், தலைமுடியின் தடிமனில் சுமார் 30-ல் ஒரு பங்குதான். அது தோலில் படிந்தால் ஈரப்பசை குறையும், அழற்சி கூடும், அரிப்பு ஏறும்.

2018 நவம்பரில் கலிபோர்னியாவில் பெரிய காட்டுத்தீ. சுமார் 280 கிலோமீட்டர் தள்ளியிருந்த சான் பிரான்சிஸ்கோவில்கூட எக்ஸிமாவுக்காக மருத்துவரிடம் போனவர்கள் அதிகமானார்கள். ஏறக்குறைய சென்னையிலிருந்து பெரம்பலூர் தூரம்!

எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் மணலியிலும் அவ்வளவு தூரமெல்லாம் இல்லை. மொட்டை மாடியில் நின்றாலே புகைபோக்கி தெரியுது. கீழே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அமோனியா கசிந்தபோது மூச்சுத்திணறலும் தோல் எரிச்சலும் வந்தது, நாடே பேசியது. தினசரிப் புகை செய்தியாவதில்லை.

அனல்மின் நிலையங்கள் கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி போட்டது ஒன்றிய அரசு. கெடுவைத் தள்ளித் தள்ளி வைத்து, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அதற்கான கருவியே வேண்டாம் என்று விலக்கு கொடுத்ததும் அதே அரசுதான். அந்த வாயுதான் காற்றில் கலந்து நுண்துகளாகவும் மாறுது. நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆண்டு அளவு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்திய வரம்பு 40. எட்டு மடங்கு!

விலக்கைத் திரும்பப் பெறணும். வடசென்னை மருத்துவ முகாம்களில் நுரையீரலோடு தோலையும் பரிசோதித்துப் பதிவு செய்யணும். இதுதான் நம் கோரிக்கை.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தொந்தரவு இருந்தால், டாக்டர் கொடுத்த களிம்பை நிறுத்திடாதீங்க. ஏரியா பெயரையும், எந்த மாதங்களில் கூடுது என்பதையும் கமெண்டில் எழுதுங்க. பிள்ளையின் பெயர், படம் வேண்டாம். மனுவில் சேர்க்கிறோம்.

#வடசென்னை #சுத்தமானகாற்று