அடப்பங்கொடி: இலையைக் கொய்யுங்கள், வேரை விட்டுவிடுங்கள்

உப்புக்காற்றிலும் கொதிக்கும் மணலிலும் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பல மீட்டர் படரும் அடப்பங்கொடியைக் கடலோர மருத்துவர்களுக்கு நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காலையில் விரிந்து மாலைக்குள் வாடும் இளஞ்செவ்வூதா மலர், நுனி பிளந்த தடித்த இலை. அந்த இலைக்கு மானின் குளம்பைக் குறுந்தொகைப் புலவரே உவமை சொல்லியிருக்கிறார்.

இலையை வதக்கி வீக்கத்துக்கும் மூட்டுவலிக்கும் கட்டுவது, கடலில் சொறி (ஜெல்லிமீன்) பட்ட இடத்தில் சாறு பூசுவது: இரண்டும் பழகிய வைத்தியம். சொறிக்கு இதைப் பயன்படுத்தும் வழக்கம் தாய்லாந்திலும் ஆஸ்திரேலியத் தொல்குடிகளிடமும் உண்டு. 1991இல் தாய்லாந்து, சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பல சொறி இனங்களின் நச்சு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பதை இக்கொடியின் சாரம் தடுத்தது. மரபறிவுக்குக் கிடைத்த நல்ல சான்று இது. ஆனால் அது ஆய்வுக்கூடத்துச் சான்று. நோயாளியின் தோலில் சொறியின் நச்சுக்கொட்டிகள் இன்னும் ஒட்டியிருக்கும்போது இலையை வைத்து அழுத்தித் தேய்த்தால், வெடிக்காமல் இருந்தவையும் வெடித்து நச்சு கூடுதலாக இறங்கும். முதலில் கடல்நீரால் கழுவுங்கள்; நன்னீர் வேண்டாம். ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுத்தபின் சாற்றைத் தேய்க்காமல் பூசுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தெரிந்தால் சாறு பிழிந்துகொண்டிருக்க நேரமில்லை, மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும்.

உள்மருந்தாகத் தருவதில் நமக்குத் தயக்கம் உண்டு. இக்கொடியின் பிசின்வகைச் சேர்மங்கள் பேதியாக்கும் இயல்புடையவை. விதையில் எர்காட் வகை ஆல்கலாய்டுகள் பதிவாகியுள்ளன. கர்ப்பிணிகளுக்கு எந்த வடிவிலும் உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது.

இதைவிட நம்மை வருத்துவது கொடியைச் சேகரிக்கும் முறை. இராவணன் மீசைப் புல்லும் அடப்பங்கொடியும் சேர்ந்துதான் பறக்கும் மணலைப் பிடித்து மணல்மேட்டைக் கட்டுகின்றன. புயல் அலை ஊருக்குள் புகாமல் முதலில் தாங்குவது அந்த மேடு. கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கைகள், 2011இலும் 2019இலும், மணல்மேடுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வைத்திருக்கின்றன. மருந்துக்கென்று கொடியை வேரோடு இழுத்தால் அந்த இடத்து மணல் அடுத்த காற்றுக்கே நகரத் தொடங்கும். நம் மருந்துக்குத் தேவை இலை மட்டுமே. வேரை எதற்குப் பிடுங்க வேண்டும்?

கடலைப் பார்த்த முகப்பில் வளரும் கொடியைத் தொடாதீர்கள். மேட்டின் பின்பக்கத்தில், ஒரே கொடியை மொட்டையடிக்காமல், ஆங்காங்கே முற்றிய இலைகளை மட்டும் கத்தரித்து எடுங்கள். வளர்நுனியை விட்டுவிடுங்கள். தொடர்ந்து தேவைப்படுவோர் மூன்று நான்கு கணுவுள்ள தண்டுகளை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் மருத்துவமனைத் தோட்டத்து மணற்பாங்கான வெயில் மூலையில் ஊன்றலாம். இரண்டு கணுவாவது மணலுக்குள் இருக்கட்டும், நீர் தேங்கக் கூடாது. சேகரித்துத் தருவோரிடம் வேருள்ள கட்டுகளை வாங்க மறுத்துவிடுங்கள்.