இமாச்சல்ல கஞ்சா லீகலாமே... கம்பைநல்லூருக்கு அதுல என்ன இருக்கு?

சாயங்காலம் ஆறு மணி. கம்பைநல்லூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில நீங்க நிக்கிறீங்கன்னு வச்சுக்கோங்க. காலேஜ் குரூப்ல ஒரு ரீல் வந்து விழுது: 'இமாச்சல்ல கஞ்சா லீகல்!' கீழே வரிசையா ஃபயர் எமோஜி. அடுத்த நிமிஷம் ஃபேமிலி குரூப்ல அதே செய்தி வேற வேஷத்துல வருது: 'புற்றுநோய்க்கு மூலிகை மருந்து, அனைவருக்கும் பகிரவும்.' பக்கத்துல பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற பெரியவர் எட்டிப் பார்த்துட்டு, "ஏன் தம்பி, நம்ம காட்டுலயும் அதைப் போட விடுவாங்களா? மரவள்ளிக்கு விலையே நிக்க மாட்டேங்குதுப்பா" அப்படிங்கிறார்.

செய்தி ஒண்ணுதான். ஆனா ஒருத்தருக்கு அது ஜாலி, ஒருத்தருக்கு நிவாரணம், ஒருத்தருக்கு வருமானம். இந்த மூணுல எது நிஜமாவே அந்தச் செய்திக்குள்ள இருக்கு? வாங்க, நிதானமா பிரிச்சுப் பார்ப்போம்.

அங்கே நடந்தது என்ன?

2023-ல இமாச்சலப் பிரதேச அரசு, வருவாய்த்துறை அமைச்சர் ஜகத் சிங் நேகி தலைமையில ஒரு குழு போட்டது. மருந்துக்காகவும் தொழிற்சாலைத் தேவைக்காகவும் கட்டுப்பாட்டோட கஞ்சா பயிரிட அனுமதிக்கலாமான்னு பார்க்கிறதுதான் அந்தக் குழுவோட வேலை. 2024 செப்டம்பர்ல குழுவோட அறிக்கையை ஆதரிச்சு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில, பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகமும் நௌனி தோட்டக்கலைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு சோதனை ஆய்வு நடத்த அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

அவ்வளவுதான். யாரும் கடை திறக்கலை. யாரும் புகைக்கலாம்னு சொல்லலை. ரீல்ல வந்த 'லீகல்' அப்படிங்கிற வார்த்தைக்கும் நிஜத்துல நடந்ததுக்கும் நடுவுல பெரிய தூரம் இருக்கு.

இதுல இன்னொரு விஷயத்தையும் கவனிங்க. அந்தத் தீர்மானம் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான், நிதி நெருக்கடியால நானும் அமைச்சர்களும் ரெண்டு மாசச் சம்பளத்தைத் தள்ளிப் போட்டுக்கிறோம்னு முதல்வர் சுக்விந்தர் சிங் சுக்கு அறிவிச்சிருந்தார். கஞ்சா சாகுபடி பத்தின பேச்சுல, வருஷத்துக்கு நூத்துக்கணக்கான கோடி ரூபாய் வருமானம்ங்கிற கணக்கும் கூடவே வந்தது. மருந்துங்கிற வார்த்தை முன்னாடி நின்னாலும், கஜானா அதுக்குப் பின்னாடியே நின்னுச்சு. அரசாங்கம் வருமானத்துக்கு வழி தேடுறது தப்பில்லை. ஆனா, ஒரு திட்டம் யாருக்காகத் தொடங்குதோ, அவங்களுக்குத்தான் கடைசி வரைக்கும் முதல் இடம் கிடைக்கும். அதனாலதான் இதைக் கவனிக்கணும்னு சொல்றேன்.

சட்டம் கதவைப் பூட்டவே இல்லை

நம்மள்ல நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு: இமாச்சல் புதுசா எதையும் உடைக்கலை. 1985-ல வந்த என்.டி.பி.எஸ் சட்டம், போதைப்பொருளைத் தடை பண்ணும்போதே 'மருத்துவ, அறிவியல் நோக்கங்கள் தவிர' அப்படின்னு ஒரு வழியை விட்டு வச்சிருக்கு. அந்தச் சட்டத்தோட 10-ம் பிரிவு, கஞ்சாச் செடி சாகுபடியை அனுமதிக்கவும் ஒழுங்குபடுத்தவும் மாநில அரசுகளுக்கு அதிகாரம் தருது. நார், விதைக்காகப் பயிரிட 14-ம் பிரிவு இருக்கு. உத்தரகாண்ட் 2018-லயே தொழிற்சாலைச் சணலுக்கு, அதாவது போதை தர்ற டி.ஹெச்.சி ரொம்பக் குறைவா இருக்கிற ரகத்துக்கு, உரிமம் கொடுக்க ஆரம்பிச்சது.

அந்தச் சட்டத்துல 'கஞ்சா'ன்னா என்னங்கிறதும் சுவாரசியமானது. செடியோட பூ, காய் வர்ற நுனிப்பகுதிதான் கஞ்சா. நுனி சேராத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்குள்ள வராது. வட இந்தியாவுல உரிமம் வாங்கின பாங் கடைகள் ஓடுறது இந்த இடைவெளியிலதான். இன்னைக்கு ஆன்லைன்ல 'விஜயா' அப்படிங்கிற பேர்ல ஆயுர்வேத உரிமத்தோட விற்கிற கஞ்சா இலை எண்ணெய்களும் இந்த இடைவெளியிலதான் வருது. சித்த மருத்துவத்துக்கும் இந்தச் செடி புதுசு இல்லை. மருத்துவர் மேற்பார்வையில மட்டுமே எடுக்க வேண்டிய நச்சுப் பொருள்கள்னு அரசு வச்சிருக்கிற பட்டியல்ல, சித்த மருத்துவப் பகுதியிலயும் கஞ்சா இருக்கு. தாத்தா காலத்து மூலிகைதானேன்னு நினைக்கிறவங்க, 'நச்சுப் பொருள்' அப்படிங்கிற வார்த்தையையும் சேர்த்தே படிக்கணும்.

மருந்தா? ஆமா, ஆனா எதுக்கு?

ஃபேமிலி குரூப்ல வந்த செய்திக்கு வருவோம். புற்றுநோயைக் கஞ்சா குணப்படுத்தும்னு நிரூபணம் ஆகலை. இதை அழுத்தியே சொல்லணும். ஏன்னா இதை நம்பி கீமோவை நிறுத்தினா போறது உயிர்.

நிரூபணம் ஆனதும் இருக்கு. குழந்தைகளுக்கு வர்ற ரெண்டு அபூர்வ வகைக் கடும் வலிப்புக்கு, சி.பி.டி-யில இருந்து தயாரிச்ச எபிடியோலெக்ஸ் மருந்தை 2018-ல அமெரிக்கா அனுமதிச்சது. கீமோவால வர்ற வாந்திக்கும், மல்டிபிள் ஸ்கிலிரோஸிஸ்ல வர்ற தசை இறுக்கத்துக்கும் சில நாடுகள்ல மருந்துகள் இருக்கு. 2020 டிசம்பர்ல ஐ.நா-வின் போதைப்பொருள் ஆணையம் 27-க்கு 25 ஓட்டுல, மிகக் கடுமையான பட்டியல்ல இருந்து கஞ்சாவை எடுத்தது. எடுக்கணும்னு ஓட்டுப் போட்ட நாடுகள்ல இந்தியாவும் ஒண்ணு.

வலிக்கு? இங்கதான் கவனமா இருக்கணும். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2021-ல, பொதுவான வலி நிவாரணத்துக்குக் கஞ்சா சார்ந்த மருந்துகளை இப்போதைக்குப் பரிந்துரைக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. ஆதாரம் போதலைங்கிறதுதான் காரணம். மருந்தா இருக்கிற எல்லாமே அளவு, ரகம், நோய் எல்லாம் குறிப்பிட்டு டாக்டர் எழுதித் தர்றது. பொட்டலத்துல வர்றதுல எவ்வளவு டி.ஹெச்.சி இருக்கு, கூட என்ன கலந்திருக்குன்னு விற்கிறவனுக்கே தெரியாது.

பெரியவருக்கு என்ன பதில்?

நம்ம பக்கத்து விவசாயம் உங்களுக்குத் தெரியாததில்லை. ராகி, நிலக்கடலை, மரவள்ளி, மஞ்சள். தென்பெண்ணை பக்கத்துல இருந்தாலும் மழை பொய்ச்சா போர்வெல் காத்துதான் வாங்கும். அப்புறம் மொரப்பூர்ல ரயில் ஏறி திருப்பூர், இல்லைன்னா பஸ் ஏறி பெங்களூரு. அப்படிப்பட்ட ஊர்ல 'ஏக்கருக்கு லட்சக்கணக்குல லாபம்'னு ஒரு யூடியூப் வீடியோ வந்தா, மனசு அலையத்தான் செய்யும்.

ஆனா அனுமதி இல்லாம ஒரு செடி வளர்த்தாலும் என்.டி.பி.எஸ்-ல பத்து வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம். சரி, ஒருநாள் தமிழ்நாட்டுலயும் அனுமதி வருதுன்னு வச்சுக்கோங்க. உத்தரகாண்ட்ல டி.ஹெச்.சி 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு வரம்பு. நாட்டு ரகங்கள் பலதும் அந்த வரம்பைச் சுலபமா தாண்டிடும். அதனால விதையை வெளியில இருந்துதான் வாங்கணும். லேப் சோதனை, வேலி, உரிமக் கட்டணம், வாங்குறதுக்கு ஒரு கம்பெனி, இதெல்லாம் வேணும். ரெண்டு ஏக்கர் வச்சிருக்கிறவருக்கு இதுல எது கைக்கு எட்டும்? விதையும் லேபும் கொள்முதலும் ஒரே கம்பெனி கையில இருந்தா, பெரியவர் தன் காட்டுலயே கூலிக்காரராத்தான் இருப்பார்.

கஞ்சாவுக்கு முன்னாடி மார்ஃபின் கதை

எனக்கு இதுல முக்கியமாப் படுறது இந்தப் பகுதிதான். ஒரு போதைப் பயிரை மருந்துக்காக வளர்க்கிறது இந்தியாவுக்குப் பழகின வேலை. மத்தியப் பிரதேசத்துலயும் ராஜஸ்தான்லயும் உத்தரப் பிரதேசத்துலயும் அரசு உரிமத்தோட விவசாயிங்க அபினி பயிரிடுறாங்க. நீமச்சுலயும் காஜிப்பூர்லயும் அதைப் பதப்படுத்துற அரசு ஆலைகள் இருக்கு. அந்த அபினியில இருந்துதான் மார்ஃபின் வருது. புற்றுநோயின் கடும் வலிக்கு உலகம் முழுக்க முதல் வரிசையில நிக்கிற மருந்து அது. மாத்திரை விலையும் மலிவு.

வயல் நம்ம நாட்டுலயே இருக்கு, ஆலையும் இருக்கு. ஆனா நோயாளிக்குக் கிடைச்சதா? 1985 சட்டத்துக்கு அப்புறம் ஒரே மருந்துக்குப் பல துறைகள்ல உரிமம் வாங்க வேண்டிய நிலை. வழக்குக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வச்சுக்கிறதையே விட்டுட்டாங்க. சட்டம் வந்த பத்துப் பதினஞ்சு வருஷத்துல நாட்டுல மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல சரிஞ்சது. சட்டத்துல 'மருத்துவ நோக்கம்' அப்படிங்கிற வார்த்தை அப்பவும் இருந்துச்சு. வலியில கத்துனவங்களுக்கு அந்த வார்த்தை உதவலை.

டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் மாதிரியான வலி நிவாரண மருத்துவர்கள் பல வருஷம் போராடின பிறகு, 2014-ல சட்டம் திருத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் ஒரே அனுமதியோட மார்ஃபின் வச்சுக்கலாம்னு ஆச்சு. அதுக்கு முன்னாடியே, 1993-ல கோழிக்கோட்டுல தொடங்கின வலி நிவாரண கிளினிக், வீடு தேடிப் போற ஒரு இயக்கமா கேரளம் முழுக்கப் பரவியிருந்துச்சு. நம்ம பக்கமும் 2021 ஆகஸ்ட் 5-ல, பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினாங்க. படுத்த படுக்கையா இருக்கிறவங்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வலி நிவாரணச் சேவையும் அதுல ஒரு பகுதி.

இதுல இருந்து என்ன தெரியுது? செடிக்கு அனுமதி கிடைக்கிறதும் மருந்து நோயாளி கைக்கு வர்றதும் வேற வேற வேலை. முதல் வேலைக்கு ஒரு தீர்மானம் போதும். ரெண்டாவதுக்கு டாக்டருக்குப் பயிற்சி, ஆஸ்பத்திரியில இருப்பு, நர்ஸ், கட்டுப்படியாகிற விலை எல்லாம் வேணும். உங்க தெருவுல ஒரு அத்தை புற்றுநோய் வலியில ராத்திரி முழுக்கத் தூங்காம இருந்தா, அவங்களுக்காக இன்னைக்கே கேட்க வேண்டிய கேள்வி, 'கஞ்சா எப்ப லீகல் ஆகும்?' இல்லை. 'பக்கத்துல எந்த ஆஸ்பத்திரியில வலி நிவாரணப் பிரிவு இருக்கு, மார்ஃபின் கொடுப்பாங்களா?' அதுதான் கேள்வி. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலயோ, கிராம நர்ஸ் அக்காகிட்டயோ நீங்களே விசாரிக்கலாம். அந்த அத்தைக்கு நீங்க ஃபார்வர்டு பண்ற மெசேஜைவிட அந்த ஒரு விசாரிப்பு பெரிய உதவி.

இப்ப உங்க முறை

காலேஜ் குரூப்புக்கும் ஒரு வார்த்தை. தாய்லாந்தைப் பாருங்க. 2018-ல மருத்துவத்துக்கு மட்டும்னு ஆரம்பிச்சாங்க. 2022 ஜூன்ல போதைப்பொருள் பட்டியல்ல இருந்தே எடுத்தாங்க. தெருவுக்குத் தெரு கடை முளைச்சது. சின்னப் பசங்க கைக்கும் போகுதுன்னு எதிர்ப்பு கிளம்பி, 2025 ஜூன்ல மறுபடியும் டாக்டர் சீட்டு கட்டாயம்னு கொண்டு வந்துட்டாங்க. பாங்காக்ல கடையில வாங்கினதுதானேன்னு பையில போட்டுக்கிட்டு வந்தா, சென்னை ஏர்போர்ட்ல அது கடத்தல் வழக்கு.

இங்க சட்டம் துளியும் மாறலை. ஒரு கிலோ வரைக்கும் 'சிறிய அளவு'. அதுக்கே ஒரு வருஷம் வரை ஜெயில், இல்லைன்னா பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், சில சமயம் ரெண்டுமே. இருபது கிலோவுல இருந்து குறைஞ்சது பத்து வருஷம். 'நண்பனோட பை, நான் சும்மா வண்டி ஓட்டினேன்'னு கோர்ட்ல நிரூபிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிங்க. அதைவிட, வளர்ந்துக்கிட்டு இருக்கிற மூளைக்கு அடிக்கடி டி.ஹெச்.சி போனா, ஞாபகசக்தியும் கவனமும் அடிவாங்கும். சிலருக்கு மனச்சிதைவு வர்ற ஆபத்தும் கூடும். சட்டம் நாளைக்கே மாறினாலும் இது மாறாது.

ஏற்கெனவே சிக்கிட்ட நண்பன் இருந்தா ஒதுக்கிடாதீங்க. தானா முன்வந்து சிகிச்சை எடுக்கிற அடிமைப்பட்டவருக்கு, சிறிய அளவு வழக்குல இருந்து பாதுகாப்பு தர்ற 64ஏ பிரிவு இதே சட்டத்துல இருக்கு. 14446 அப்படிங்கிற போதை மீட்பு உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது.

மருத்துவக் கஞ்சா பத்தின பேச்சு ஒருநாள் தமிழ்நாட்டுக்கும் வரலாம். வந்தா பயப்படவும் வேண்டாம், விசில் அடிக்கவும் வேண்டாம். எந்த நோய்க்கு, எந்த மருந்து, எந்த அரசு ஆஸ்பத்திரி கவுன்ட்டர்ல, என்ன விலைக்குன்னு கேளுங்க. அதுக்குப் பதில் இருந்தா அது மருத்துவத் திட்டம். கோடிக் கணக்கு மட்டும் பதிலா வந்தா அது வேற திட்டம்.

டீ ஆறிடுச்சு. பெரியவர் இன்னும் உங்க முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்கார். "இப்போதைக்கு இல்லீங்கய்யா. வந்தாலும் லாபம் யாருக்குன்னு முதல்ல கேட்டுக்கலாம்" அப்படின்னு சொல்லுங்க. அப்புறம் போனை எடுத்து, அந்த அத்தை வீட்டுக்கு ஒரு கால் போடுங்க.