பங்கிலாபத்துக்கு முன் கடனைப் பாருங்கள்

வாப்பா ஓய்வு பெற்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை என்ன செய்வது என்பதுதான் சில மாதங்களாக எங்கள் வீட்டுப் பேச்சு. வங்கி வட்டி வேண்டாம் என்பதில் உம்மா உறுதியாக இருக்கிறார். "சீமெந்துக் கம்பனிப் பங்கு வாங்கிப் போடுங்க ராத்தா. நாடு இருக்கும் வரைக்கும் சனங்க வீடு கட்டத்தானே போறாங்க. கடை வாடகை மாதிரி வருசா வருசம் காசு வரும்" என்றார் மாமா. உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கும் என்னிடம் உம்மா திரும்பினார். "மாமா சொல்றது சரியா மகள்?"

பாதிதான் சரி என்பது என் கருத்து. வாடகைக்கு உடன்படிக்கை இருக்கிறது. சாதாரண பங்கின் பங்கிலாபத்துக்கு அப்படி எதுவும் இல்லை. கம்பனி உழைத்த பணத்தில் மூலப்பொருளுக்கும் சம்பளத்துக்கும் கொடுத்து, கடன் தந்தவருக்கு வட்டி கட்டி, வரி செலுத்தி, இயந்திரங்களுக்கும் ஒதுக்கிய பிறகு எஞ்சுவதிலிருந்தே பங்கிலாபம் வருகிறது. அந்த வரிசையில் பங்குதாரர்தான் கடைசி ஆள். முன்னால் நிற்பவர்கள் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்று பாராமல் நமது வருமானத்தைக் கணக்கிட முடியாது.

இலங்கையில் சீமெந்துப் பங்கு என்றதும் பலரும் சொல்லும் பெயர் டோக்கியோ சீமெந்து. ஏ.வை.எஸ். ஞானம் அவர்களால் 1982இல் ஜப்பானியக் கூட்டுடன் தொடங்கப்பட்ட கம்பனி இது. இதன் ஆலை திருகோணமலையில் இருக்கிறது. சீமெந்தின் முக்கிய மூலப்பொருளான கிளிங்கரைக் கப்பலில் இறக்கி அங்கே அரைக்கிறார்கள். கிளிங்கருக்கு டொலரில் பணம் கொடுக்க வேண்டும். மூட்டையோ ரூபாவில்தான் விற்கப்படுகிறது. ஆகவே இந்தப் பங்கை வாங்குபவர், பதுளை ஹார்ட்வெயார் கடையின் விலையோடு டொலரின் விலையையும் பார்க்க வேண்டும்.

2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்திய வருடம் ஆயிரம் ரூபாவை ஒட்டியிருந்த 50 கிலோ மூட்டை, அந்த ஆண்டில் மூவாயிரத்தைத் தாண்டியது. விலை மூன்று மடங்கானால் இலாபமும் மூன்று மடங்காகும் என்று தோன்றும். ஆனால் 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ஆனது. கட்டட வேலைகள் நின்றன. மேசன் பாஸ்மார் வேலையின்றி இருந்தார்கள். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. ஆண்டின் பிற்பகுதியில் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தையும் தாண்டியது. இத்தகைய காலத்தில் பெருங்கடனுள்ள எந்தக் கம்பனியிலும் கடன்காரரின் பங்கு வீங்கும். நமது பங்கு சுருங்கும்.

"வீடு கட்டத்தானே போறாங்க" என்ற மாமாவின் வாதத்தையும் பார்ப்போம். ஊவாத் தோட்டங்களில் வீட்டுத் தேவை எவ்வளவு என்று நமக்குத் தெரியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் லயக் காம்பராக்கள் மண்ணுக்குள் புதைந்த துயரத்தை யாரும் மறக்கவில்லை. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு வேண்டும் என்று எத்தனையோ குடும்பங்கள் இன்றும் காத்திருக்கின்றன. ஆனால் தேவை வேறு, விற்பனை வேறு. அரசாங்கத்தின் ஒதுக்கீடோ இந்திய உதவியோ வந்தால்தான் அங்கே அத்திவாரம் வெட்டப்படும். காத்திருக்கும் குடும்பம் சீமெந்து வாங்குவதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். உதாரணமாக, 100 ரூபாப் பங்குக்கு 5 ரூபா பங்கிலாபம் கிடைத்தால் விளைவு 5 வீதம். ஐந்து இலட்சம் முதலிட்டால் வருடத்துக்கு 25,000. அதில் 15 வீத வரி போக 21,250. மாதத்துக்குப் பிரித்தால் 1,771 ரூபாதான். பங்கின் விலை 50 ரூபாவாக விழுந்தால், பழைய பங்கிலாபத்தை வைத்துப் பார்க்க விளைவு 10 வீதமாகத் தெரியும். அதைக் கண்டு மகிழக் கூடாது. விலை ஏன் விழுந்தது என்றே கேட்க வேண்டும். பங்கொன்றின் உழைப்பு 5 ரூபாவாக இருந்து முழுவதையும் பங்கிட்டால், அடுத்த கெட்ட வருடத்துக்குக் கையில் எதுவும் மிஞ்சாது. 10 ரூபா உழைத்து 4 ரூபா கொடுக்கும் கம்பனியே நமக்கு ஆறுதல்.

இன்னொரு விடயம்: டோக்கியோ சீமெந்துக்கு வாக்குரிமையுள்ள பங்கு, வாக்குரிமையற்ற பங்கு என இரண்டு உண்டு. இரண்டாவது பொதுவாக விலை குறைவு. பங்கிலாபமோ இரண்டுக்கும் ஒன்றே. கூட்டத்தில் வாக்களிக்கும் எண்ணம் இல்லாமல் வருமானத்துக்காகவே வாங்கும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் பெரியது.

சீமெந்து ஹலாலான வியாபாரம் என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அயோஃபி நியமத்தின்படி, கம்பனியின் வட்டிக் கடன் அதன் சந்தைப் பெறுமதியில் 30 வீதத்துக்குள் இருக்க வேண்டும். மார்க்க அறிஞர் கேட்கும் கேள்வியும் கணக்காளர் கேட்கும் கேள்வியும் ஐந்தொகையின் ஒரே வரியில் வந்து சேர்கின்றன. வட்டிக்குப் பயந்து வங்கியை விட்டு வரும் நாம், வட்டியில் மூழ்கிய கம்பனியை விசாரியாமல் வாங்குவது எப்படிச் சரியாகும்?

தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் நான் சொல்வது இதுதான். ஆண்டறிக்கைகள் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்து வருட அறிக்கைகளை எடுங்கள். முதலில் கடன், அடுத்து காசுப்பாய்ச்சல், கடைசியாகப் பங்கிலாபம் என்ற ஒழுங்கில் வாசியுங்கள். 2022ஐ அந்தக் கம்பனி எப்படிக் கடந்தது என்று பாருங்கள். மருந்துக்கும் படிப்புக்கும் தேவையான பணத்தை இதில் போடாதீர்கள். கொழும்பில் பங்கு வியாபாரம் 1896இல் ஒழுங்கமைந்ததே இந்த மலைகளில் தோட்டம் திறக்கப் பணம் திரட்டத்தான். இங்கே விளைந்த தேயிலையின் பங்கிலாபத்தை யார் யாரோ வாங்கிப் போனார்கள். நமக்கு அந்தக் கணக்கை வாசிக்க யாரும் சொல்லித் தரவில்லை.

உம்மா இன்னும் முடிவு செய்யவில்லை. நேற்றிரவு மாமா வந்தபோது தேநீரை வைத்துவிட்டு, "அந்தக் கம்பனிக்குக் கடன் எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. நாளைக்கு மூவருமாக உட்கார்ந்து அறிக்கையை வாசிக்கப் போகிறோம்.