பாபர் வண்டியின் வால்

'பாபர்' என்றதும் அன்பர்கள் மொகலாய மன்னரை நினைத்தல் வேண்டா. குதிரையின் வாலைக் குறைத்து நறுக்குவதை ஆங்கிலத்தில் 'பாப்' என்பர்; அச்சொல்லினின்றே இம்மோட்டார் சைக்கிளின் பெயர் பிறந்தது. 1930-களில் அமெரிக்க இளைஞர் பந்தய வேகம் விரும்பிப் பின் மட்கார்டைக் குறைத்தறுத்தனர். 1945-இல் போர் முடிந்தபின் இவ்வழக்கம் பெருகிற்று.

அக்காலத்துப் பெரிய ஹார்லி வண்டிகளிற் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாது பிணைந்திருந்தது. ஆசனத்திற்கே ஸ்பிரிங் உண்டு. ஆதலின் மட்கார்டு டயரை ஒட்டி நிற்றல் இயன்றது. அவ்வண்டிகளுக்குப் பின்புற ஸ்பிரிங் வந்தது 1958-இலேதான். இன்று வீட்டிற் பாபர் செய்ய முயல்வோர்க்குக் கிடைப்பதோ பெரும்பாலும் ஸ்பிரிங் உள்ள வண்டியே. மேடுபள்ளத்திற் சக்கரம் எழும்பும். சட்டத்திற் பூட்டிய மட்கார்டில் டயர் உரசும். இதற்காகப் பின்சட்டத்தையே அறுத்து, அசையாச் சட்டமொன்றை வெல்டிங் செய்கின்றனர் சிலர். யாம் இதற்கு இசையோம். பழகாத கையாற் பற்றவைத்த இடம் ஓடும்போது விட்டுப்போனால் இழப்பது உயிரன்றோ? பழைய தோற்றந்தான் வேண்டுமெனின், சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலேயே மட்கார்டைப் பூட்டலாம். இரண்டும் ஒருங்கே எழுந்து தாழும். செயினை இறுக்க அச்சைப் பின்தள்ளும்போது டயர் முட்டாதிருக்கச் சிறிது இடம் விடுதல் வேண்டும்.

குறைத்த மட்கார்டால் மழைநாளில் முதுகெல்லாம் சேறு படியும். அது விரும்பிச் செய்தவர் பாடு. பின்விளக்கின் செய்தி அவ்வாறன்று. மட்கார்டை அறுத்தால் அதற்கு இருப்பிடமில்லை. சக்கரத்தின் அச்சருகே ஒருபுறமாகப் பொருத்துவோர் உளர். அழகு கெடுமென்று அடியோடு நீக்குவோரும் உளர். இருளிற் பின்வரும் லாரிக்காரன் கண்ணுக்குத் தெரிவது அச்சிவப்பு விளக்கொன்றே.