சாதகம் பார்த்தீர்கள், தீர்ப்பைப் பார்த்தீர்களா?

யாழ்ப்பாணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எனது நீண்டகால வாசகர், சில மாதங்களுக்கு முன்னர் ஒரு கடதாசியைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். அவரது மகளுக்குக் கலிபோர்னியாவிலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு இது இரண்டாந் திருமணம். முதற் திருமணம் முறிந்துவிட்டது என்பதற்குச் சான்றாகத் தரகர் கொடுத்த பிரதி அது. நீதிமன்றத்தின் பெயர் இருந்தது; வழக்கிலக்கம் இருந்தது; மூலையில் முத்திரையும் இருந்தது. "எல்லாம் சரிதானே, ஐயா?" என்றார்.

முத்திரையில் இருந்த ஆங்கிலச் சொல்லின் பொருள் 'தாக்கல் செய்யப்பட்டது'. தலைப்பில் இருந்த சொல்லின் பொருள் 'மனு'. அதாவது, விவாகரத்துக் கேட்டு ஒருவர் நீதிமன்றப் படியேறினார் என்பதற்கு மாத்திரமே அந்தக் கடதாசி சான்று. அவர் தீர்ப்போடு படியிறங்கினாரா என்பதை அது சொல்லவில்லை. கலிபோர்னியாவில் மனு எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து குறைந்தது 6 மாதங்கள் கழியாமல் திருமணம் முறியாது. ஆண்டுக்கணக்கில் இழுபடும் வழக்குகளும், இடைநடுவில் கைவிடப்படும் வழக்குகளும் உண்டு.

பெண்ணின் சாதகத்தையும் மாப்பிள்ளையின் சாதகத்தையும் மூன்று சோதிடர்களிடம் காட்டியிருந்தார்கள். செவ்வாய் பார்த்தாயிற்று, பத்துப் பொருத்தமும் பார்த்தாயிற்று. மாப்பிள்ளையின் தாய்வழிப் பேரனார் எந்த ஊர், என்ன பகுதி என்பதுவரை விசாரித்தாயிற்று. அந்தக் கடதாசியின் தலைப்பை மட்டும் எவரும் வாசிக்கவில்லை. எமது சமூகத்தின் விசாரணைத் திறன் இவ்வளவுதான்.

இது ஒரு வீட்டின் கதையன்று என்பதாற்றான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் விவாகரத்து என்பது சமஷ்டி அரசின் விடயமன்று, மாநிலங்களின் விடயம். சமஷ்டி நீதிமன்றங்கள் விவாகரத்து வழங்குவதில்லை. ஆகவே அந்த நீதிமன்றங்களின் மின்பதிவேட்டில் ஒருவரது பெயரைத் தேடிவிட்டு 'ஒன்றுமில்லை, ஆள் சுத்தம்' என்று சொல்வது, சாவகச்சேரியில் நடந்த வழக்கைக் காலியில் தேடுவதற்குச் சமம். பதிவு இருக்குமிடம் பெரும்பாலும் கவுன்ரி, அதாவது மாநிலத்துக்குக் கீழுள்ள, எமது மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. அத்தகைய பிரிவுகள் அந்நாட்டில் 3,100-க்கும் மேற்பட்டவை. கலிபோர்னியாவில் மாத்திரம் 58, ரெக்சாசில் 254. அலுவலகத்தின் பெயரும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் கவுன்ரியின் உயர் நீதிமன்றப் பதிவகம், ரெக்சாசில் மாவட்ட நீதிமன்ற எழுதுவினைஞர், நியூயோர்க்கில் கவுன்ரி எழுதுவினைஞர். ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப்படிவம், தனிக்கட்டணம். ஏழை ஒருவர் இதற்குள் வழி கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஒழுங்குமுறையை நான் பாராட்டமாட்டேன். ஆனால் வழி இல்லை என்று சொல்வது பொய்.

முதலாவது தவறு, திருமணம் நடந்த கவுன்ரியில் தேடுவது. மணமுறிவு வழக்கு, தம்பதியருள் ஒருவர் வாழ்ந்த இடத்திலேயே தாக்கலாகும். கலிபோர்னியாவில் ஒருவராவது மாநிலத்தில் 6 மாதமும் அந்தக் கவுன்ரியில் 3 மாதமும் வசித்திருக்க வேண்டும். நெவாடாவில் 6 வார வதிவு போதும். ஆகவே மாப்பிள்ளை எந்த ஆண்டில் எங்கு வாழ்ந்தார் என்பதே முதற்கேள்வி.

இரண்டாவது, பெயர். எமது பெயர்கள் அந்நாட்டுக் கணினிக்குப் புதிர். ஒருவருக்குத் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக நிற்கும். அவரது தம்பிக்குச் சொந்தப் பெயரே கடைசிப் பெயராகிவிட்டிருக்கும். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். முன்பின்னாக மாற்றியும் தேட வேண்டும். முன்னாள் மனைவியின் பெயரிலும் தேட வேண்டும். மூன்றையும் செய்யாமல் 'பதிவு இல்லை' என்று முடிவுகட்டக் கூடாது.

மூன்றாவது, மாநில அலுவலகம் தரும் கடிதத்தைத் தீர்ப்பென்று எண்ணுவது. ரெக்சாசின் பதிவுப் பிரிவு 1968 முதலான விவாகரத்துகளுக்கு உறுதிக் கடிதம் தரும். அது எந்தக் கவுன்ரிக்குப் போக வேண்டும் என்று காட்டும் கைகாட்டி மாத்திரமே. கலிபோர்னியாவின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்திடம் 1962 முதல் 1984 ஜூன் வரையான பதிவுச் சான்றுதான் உண்டு. இணையத்தில் 20 டொலர், 30 டொலர் வாங்கிக்கொண்டு 'முழு வரலாறும் தருகிறோம்' என்னும் தளங்களிடம் இதுவுங்கூட இல்லை. அவை திரட்டி வைத்திருக்கும் துணுக்குகளில் நீதிமன்றத்தின் முத்திரை இராது.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இறுதித் தீர்ப்பின், நீதிமன்றம் அத்தாட்சிப்படுத்திய பிரதி. இரு தரப்பினரின் முழுப் பெயர், உத்தேச ஆண்டு, தெரிந்தால் வழக்கிலக்கம் ஆகியவற்றை எழுதிக் கட்டணத்தோடு தபாலில் அனுப்பினாலும் பல கவுன்ரிகள் தருகின்றன. கலிபோர்னியாவில் வழக்கின் பெயரையும் நிலையையும் பல கவுன்ரிகள் இணையத்தில் காட்டும். குடும்ப வழக்கின் ஆவணங்களையோ நீதிமன்றத்துக்குப் போனால்தான் பார்க்கலாம். மாநில விதியே அப்படி. அங்குள்ள உறவினரோ நண்பரோ ஒரு முற்பகலைச் செலவிட்டாற் போதும்.

இங்கேதான் எம்மவர் வாய் திறக்கிறார்கள். 'இதெல்லாம் கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? மரியாதையில்லை' என்கிறார்கள். சீதனத்தை இலட்சக் கணக்கில் எண்ணிப் பேசும்போது குறையாத மரியாதை, ஒரு தீர்ப்பின் பிரதியைக் கேட்கும்போது குறைந்துவிடுகிறதாம். காணியின் உறுதியை நொத்தாரிசிடம் கொடுத்து முப்பது ஆண்டுத் தோம்பு தேடுவிக்கிற சமூகம் நாம். காணிக்குச் செய்வதை மகளுக்குச் செய்யக் கூச்சப்படுகிறோம்.

'விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அமெரிக்க அரசே பார்த்துக்கொள்ளும்' என்பது அடுத்த சமாதானம். பார்க்கும், மறுப்பதற்கில்லை. மனைவியை அழைக்க விண்ணப்பிப்பவர் முன்னைய திருமணங்கள் முடிவுற்றதற்கான ஆவணத்தைக் காட்டியாக வேண்டும். ஆனால் எப்போது? இங்கே தாலி கட்டி, பதிவும் முடித்து, மண்டபக் காசும் கொடுத்த பின்னர். முதல் திருமணம் சட்டப்படி முறியாதிருந்தால் இலங்கைச் சட்டத்திலும் இரண்டாவது திருமணம் செல்லாது. அதைக் கொண்டு அமெரிக்க விசாவும் கிடையாது. பெண்ணோ ஊரார் கண்ணுக்குக் கலியாணமானவள். சட்டத்தின் கண்ணுக்கு எவருக்கும் மனைவியல்லள். 2006 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி கையொப்பமிட்ட சட்டமொன்று, வெளிநாட்டு மணப்பெண்ணை அழைக்கும் தரகு நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் இலாப நோக்கின்றிச் சமய, கலாசார அடிப்படையில் சம்பந்தம் பேசுவோருக்கு அதில் விலக்கு உண்டு. எனவே அந்தச் சட்டம் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து காவல் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாவது ஆட்சேபத்தை மட்டும் நான் மதிக்கிறேன். முறிந்த குடும்பத்தின் அந்தரங்கத்தை அந்நியர் கிளறலாமா என்பது அது. கூடாது. கோவையில் பிள்ளைகளின் பெயர் இருக்கும், வருமானம் இருக்கும், கோபத்தில் எழுதிய சத்தியக்கடதாசிகள் இருக்கும். அவற்றைப் பிரதியெடுத்து உறவினரிடையே சுற்றவிடுவது அயோக்கியத்தனம். நியூயோர்க் மாநிலம் இதனாலேயே மணமுறிவுக் கோவைகளை 100 ஆண்டுகளுக்குப் பூட்டி வைத்திருக்கிறது. தம்பதியரும் அவர்களது சட்டத்தரணிகளும் தவிர வேறெவரும் திறக்க முடியாது. நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் அந்தப் பூட்டின் திறப்பு மாப்பிள்ளையின் கையில் இருக்கிறது. அவர் ஒரு கடிதம் எழுதினால் தீர்ப்பின் பிரதி வரும். எமக்கு வேண்டியது அந்தத் தீர்ப்பு மாத்திரமே. ஏன் பிரிந்தார்கள் என்பதன்று.

விவாகரத்தான ஆண்மகனைச் சந்தேகிக்கச் சொல்கிறேன் என எவரும் திரிக்க வேண்டாம். விவாகரத்து குற்றமன்று. மறுமணம் செய்ய விழையும் எங்கள் பெண்களுக்கும் இதே விதிதான். இங்கு மாவட்ட நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தீர்ப்பை வழங்கும். குறைந்தது 3 மாதங்களின் பின்னரே அது முடிவானதாகும். அந்த முடிவான தீர்ப்பின் பிரதியை மாப்பிள்ளை வீட்டார் கேட்கு முன்னரே நாங்கள் எடுத்து நீட்ட வேண்டும். நேர்மையாக முறிந்த திருமணத்தை உடையவருக்கு அந்தக் கடதாசி அவமானமன்று, பாதுகாப்பு.

புலம்பெயர்ந்த நாடுகளில் ஊருக்கொரு சங்கம் இருக்கிறது. பாடசாலைக்கொரு பழைய மாணவர் மன்றம் இருக்கிறது. ஆண்டு தவறாமல் கலைவிழாவும் இராப்போசனமும் நடக்கின்றன. அமெரிக்காவில் இருக்கும் அந்த அன்பர்களை ஒன்று கேட்கிறேன். ஊரிலிருந்து ஒரு தகப்பன் எழுதிக் கேட்டால், உங்கள் கவுன்ரி நீதிமன்றத்துக்குப் போய் ஒரு பிரதி எடுத்து அனுப்ப உங்களில் இருவர் முன்வரக் கூடாதா? அதற்கு மண்டபம் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், கட்டணத்துக்கான சில டொலர்களும் அரைநாள் விடுமுறையும் போதும்.

பத்திரிகைத் தொழிலில் எனக்கு முதலிற் கற்பித்த பாடம், 'சொன்னார்கள்' என்பதை நம்பாதே, மூல ஆவணத்தைப் பார் என்பது. சம்பந்தம் பேசும் பெற்றோருக்கும் அதையே சொல்வேன்.

ஆசிரியர் தீர்ப்பின் பிரதியைக் கேட்டார். மூன்று வாரம் மறுமொழி இல்லை. பின்னர் தரகர் வந்து, "எங்களில் நம்பிக்கை இல்லையென்றால் விடுங்கோ" என்றாராம். விட்டுவிட்டார்கள். அந்த மாப்பிள்ளை பொய்யர் என்று நான் கூறமாட்டேன். தீர்ப்பு அவரது மேசை இலாச்சியிலேயே கிடக்கலாம். ஆனால் அதை எடுத்துக் காட்டத் தயங்குகிறவரின் கையில் மகளை ஒப்படைக்காத தகப்பனை ஊரில் சிலர் 'பிடிவாதக்காரன்' என்கிறார்கள். அந்தப் பிடிவாதம் ஊர் முழுவதும் பரவட்டும்.